பெயர் கேட்கும் வங்கி

யாழ்ப்பாண நகரில் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வீதியிற் கால் வைப்பவர், எந்த அலுவலாக வந்தவராயினும், போதனா வைத்தியசாலையின் மதிலைக் கடவாமற் போவது அரிது. சந்தைக்குப் போகிறவரும், புத்தகக் கடைக்குப் போகிறவரும், கந்தோர் அலுவலாக வந்தவரும் அம்மதிலோரமாகவே நடக்கின்றனர். 1850 ஆம் ஆண்டில், அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் காலத்தில், இடுக்கண் உற்றார்க்கு நண்பர் என்னும் பொருள்படும் பெயர் பூண்ட ஒரு தரும சங்கத்தின் வைத்தியசாலையாக இது தோன்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 இல் ஆரம்பமான பின்னர், மருத்துவ மாணவர் பயிலும் இடமாகவும் விளங்கி வருகின்றது. இத்தனை பெருமை இருந்தும், உள்ளே உற்றார் எவரேனும் கிடந்தாலன்றி அதன் வாயிலினுள் நுழைய ஒருவரும் விரும்புவதில்லை.

ஆயினும், நோயாளியும் அல்லாத, நோயாளியின் உறவினரும் அல்லாத ஒருவர் தாமாகவே வந்து, சிறிது நேரம் படுத்திருந்து, எழுந்து போகின்ற இடம் ஒன்றும் அங்கே உண்டு. அதுவே இரத்த வங்கி. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் எண்மருடன், முன்னரே அனுமதி பெற்று, ஒரு முற்பகற் பொழுதை அங்கே கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. இரத்தத்தைப் பற்றிச் சில செய்திகளை அறிந்து வரலாம் என்றெண்ணியே போனோம். ஆனால் அங்கே எம் மனத்திற் பதிந்தது இரத்தத்தைக் காட்டிலும் பெயரைப் பற்றிய ஒரு செய்தி. அதனை வாசகர்க்குச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வங்கி என்னும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள குக் கவுண்டி வைத்தியசாலையில், பேர்னாட் பன்டஸ் என்னும் வைத்தியர், இரத்தத்தைச் சேமித்து வைத்து வேண்டியபோது வழங்கும் ஓர் ஒழுங்கை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயரே ‘இரத்த வங்கி’ என்பது. எடுப்பவர் திரும்ப இடவேண்டும், இட்டது இருந்தாற்றான் எடுக்கலாம் என்னும் கணக்கு அப்பெயரில் அடங்கியிருந்தது. பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆனால், எமது நாட்டில் அக்கணக்கு இன்று வழக்கில் இல்லை. முன்னொரு காலத்தில், நோயாளிக்கு ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக அவருடைய உறவினர் வந்து இரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. 2014 ஆம் ஆண்டளவில் அவ்வழக்கம் முற்றாக நீங்கி, தாமாக மனமுவந்து கூலி பெறாமற் கொடுப்போரின் இரத்தத்தினாலேயே நாடு முழுவதன் தேவையும் நிறைவேறும் நிலை உருவாயிற்று. அவ்வாண்டு யூன் 14 ஆம் நாள், உலக இரத்ததான தினத்தின் தலைமை விழாவை நடத்தும் பேறும் இலங்கைக்கே கிடைத்தது.

ஆகவே இது வட்டி தரும் வங்கியன்று. கொடுத்தவர் பெயரிற் கணக்கு வைத்திருக்கும் வங்கியுமன்று. கோடை காலத்தில் வீதியோரத்தில் எம்மவர் வைக்கும் தண்ணீர்ப்பந்தலே இதற்குப் பொருத்தமான உவமை. குடத்தில் நீர் வார்த்தவர் யார் என்பது குடிப்பவருக்குத் தெரியாது. குடிக்கப்போகிறவர் யார் என்பது வார்த்தவருக்கும் தெரியாது.

கொடையாளர் வந்ததும் முதலிற் செய்யவேண்டியது தமது பெயரைச் சொல்வதும் அடையாள அட்டையைக் காட்டுவதுமாகும். 18 வயது நிறைந்தவராயும், 60 வயதைத் தாண்டாதவராயும், 50 கிலோகிராமுக்குக் குறையாத நிறை உடையவராயும், முன்னர் கொடுத்திருந்தால் 4 மாதங்கள் கழிந்தவராயும் அவர் இருத்தல் வேண்டும். பின்னர் ஒரு படிவம் கையிற் கொடுக்கப்படுகின்றது. அண்மையிற் காய்ச்சல் வந்ததா, மருந்து உட்கொள்கிறீர்களா, பச்சை குத்திக்கொண்டீர்களா, பிற நாடு சென்று மீண்டீர்களா என்றெல்லாம் அதிலே கேள்விகள் இருக்கின்றன. வேறு சில கேள்விகள் அந்தரங்கமானவை. அவற்றுக்கான விடைகளை வைத்தியர் ஒருவர் தனியே வைத்துக் கேட்டறிகின்றார்.

“எடுத்த இரத்தத்தை எப்படியும் சோதிக்கப் போகிறீர்கள்தானே, சேர்? பிறகு ஏன் இவ்வளவு கேள்வி?” என்று எமது மாணவரில் ஒருவர் அங்கிருந்த வைத்தியரைக் கேட்டார். அவர் நகைத்துவிட்டுச் சொன்ன விடை எல்லாருக்கும் பயன்படுவது. கிருமியொன்று உடலிற் புகுந்த முதற் சில நாட்களில் எத்தகைய நுட்பமான சோதனைக்கும் அது அகப்படாமல் இருக்கக்கூடும். அந்த இடைவெளியை அடைப்பதற்கு இயந்திரம் எதுவும் இல்லை. கொடையாளரின் உண்மையான வாக்கு ஒன்றே அதனை அடைக்கவல்லது. நண்பர்களுடன் கூடி வந்தவர், தாம் ஒருவர் மட்டும் திரும்பிப் போவது வெட்கமென்று ஒன்றை மறைத்துவிடுவாராயின், அவ்வெட்கத்தின் விலையை முகமறியாத ஒரு நோயாளி செலுத்த நேரிடும். இரத்தம் கொடுப்பது ஒரு தானமாயின், கொடுக்கத் தகாத நாளில் உண்மையைச் சொல்லித் திரும்பிப் போவதும் அதற்குக் குறைவில்லாத தானமே.

அடுத்தது ஊசிமுனையால் விரல்நுனியைத் தொட்டு எடுக்கும் ஒரு துளி. நீலநிறக் கரைசல் ஒன்றில் அத்துளி விடப்படுகின்றது. துளி நேராகக் கீழே தாழ்ந்தால் இரத்தத்திற் போதிய செம்பொருள் உண்டு. தாழாமல் மிதந்தாற் குறைவு. அக்கரைசல் நம் ஊர்களில் மயில்துத்தம் என்று சொல்லப்படும் செப்பு சல்பேற்றினாலானது. இரசாயன வகுப்பிற் பளிங்கு செய்து பார்த்த அதே பொருள், கடையிற் சில்லறைக்கு விற்கும் அதே பொருள், இங்கே ஒருவரது கொடையை ஏற்கலாமா என்று தீர்ப்புச் சொல்லுவதைக் கண்டு மாணவர்கள் வியந்தனர்.

இவ்வளவிலும் தேறியவர் கட்டிலிற் சாய்கின்றார். இவ்விடத்திலேதான் நாம் சொல்லவந்த செய்தி தொடங்குகின்றது. கொடையாளருக்கு ஓர் இலக்கம் வழங்கப்பட்டு, அவ்விலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் அவருடைய படிவத்திலும், இரத்தம் சேரும் பையிலும், சோதனைக் குழாய்களிலும் ஒட்டப்படுகின்றன. பையில் அவர் பெயர் எழுதப்படுவதில்லை. படிவத்தில் மாத்திரம் பெயரும் இலக்கமும் சேர்ந்திருக்கும். படிவம் பத்திரமாகப் பேணப்படும். பை வேறு வழியே போகும். வாயிலிற் பெயரோடு வந்தவர், கட்டிலில் இலக்கமாகி விடுகின்றார்.

பை ஒரு சிறு தராசின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றது. அத்தராசு சும்மா இருப்பதில்லை. தொட்டில் ஆட்டுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டேயிருக்கின்றது. இரத்தம் உறையாதிருப்பதற்காகப் பையில் முன்னரே இட்டிருக்கும் திரவத்தோடு அது நன்றாகக் கலப்பதற்கே இந்த ஆட்டம். தராசைக் கண்டதும், புறாவின் உயிருக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து வைத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதை எமக்கு நினைவு வந்தது. அவன் எவ்வளவு வைத்தும் தட்டுச் சமப்படவில்லை என்று கதை சொல்லும். இரத்த வங்கியின் தராசோ இரக்கமுள்ளது. ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் ஆனதும் போதும் என்று நின்றுவிடுகின்றது. வளர்ந்த ஒருவருடைய உடலிலுள்ள 5 லீற்றரளவான இரத்தத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடுப்பதற்குச் செல்வது பத்து நிமிடத்துக்கு உட்பட்ட நேரமே. இழந்த நீர்ப்பகுதியை ஓரிரு நாட்களிலும், செங்குழியங்களைச் சில வாரங்களிலும் உடல் தானே ஈடுசெய்துகொள்கின்றது. சிற்றுண்டி உண்டு, பானம் அருந்தி, சற்று ஆறியிருந்து கொடையாளர் வீடு திரும்புகின்றார். ‘இரத்தம் கொடுத்தால் உடம்பு வற்றிப்போம்’ என்று அஞ்சும் அன்னையர் எம்மூரில் இன்னும் உளர். சிபியின் தராசையும் இந்தத் தராசையும் ஒன்றென்று எண்ணுவதால் வரும் அச்சம் அது.

கொடையாளர் வீடு திரும்பிய பின்னரே பையின் பயணம் ஆரம்பமாகின்றது. மையநீக்கி என்னும் பொறியில் வைத்து அதிவேகமாகச் சுழற்றியபின் பையை எடுத்துப் பார்த்தோம். பாரமான செங்குழியங்கள் அடியிலே தங்கியிருந்தன. மேலே இளமஞ்சள் நிறத்தில் திரவவிழையம் தெளிந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம் ஒன்று காணப்பட்டது. குழாய்களாற் பிணைந்த பைகளுள் இவை தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. ஒருவர் கொடுத்த ஒரு பை, மூவருக்குப் பயன்படக்கூடிய மூன்று பைகளாகின்றது.

மூன்றும் ஒரே அறையிலிருந்தாலும் அவற்றின் குணம் வேறு, வாழ்நாள் வேறு. செங்குழியங்கள் 2 முதல் 6 பாகை சென்ரிகிரேட் குளிரில் இருக்கவேண்டும். சேர்க்கும் திரவத்துக்கேற்ப 35 நாள் அல்லது 42 நாள் மாத்திரமே அவை வைத்திருக்கத்தக்கவை. இரத்தப்பெருக்கை நிறுத்தும் குருதிச் சிறுதட்டுக்களோ குளிரைப் பொறா. அவற்றை 20 முதல் 24 பாகை வெப்பத்தில், ஓயாமல் அசையும் தட்டுக்களில் வைத்திருக்கின்றனர். அவற்றின் ஆயுள் 5 நாள். திரவவிழையம் உறைநிலைக்கு மிகக் கீழே கல்லாக உறைந்து பல மாதங்கள் இருக்கும். வேண்டியபோது 37 பாகை இளஞ்சூட்டு நீரில் அதனை உருக்கிக்கொள்வர்.

குளிரூட்டியின் கதவில் வெப்பநிலையைக் குறிக்கும் அட்டையொன்று தொங்கியது. பகலும் இரவும் குறித்த நேரங்களில் வெப்பநிலை பார்த்து எழுதப்படுகின்றது. அளவு தவறினால் மணி ஒலிக்கின்றது. 1990 ஆம் ஆண்டு முதற் பல வருடங்கள் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்த காலத்தை எம் வயதினர் மறக்கமாட்டார்கள். ஜாம் போத்தலிற் பஞ்சுத் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியில் எழுத்துப் படித்தவர்கள் நாம். அக்காலத்தில் ஒரு குளிர்ப்பெட்டியைக் குளிராக வைத்திருப்பது எத்துணை அரிய காரியமாயிருந்திருக்கும் என்பதை, அந்த அட்டையிலுள்ள எண்களை நோக்கியபோது எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பிரித்த பைகள் உடனே நோயாளிக்குப் போய்விடுவதில்லை. சோதனை முடியும்வரை அவை தனியே, வேறொரு குளிரூட்டியிற் காத்திருக்கின்றன. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசு, ஈரலழற்சி வைரசுகளான பி, சி ஆகியவை, சிபிலிசு, மலேரியா என்பவற்றுக்கு ஒவ்வொரு கொடையும் சோதிக்கப்படுகின்றது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இற் சான்று வழங்கியுள்ளபோதிலும், பிற நாடு சென்று மீள்வோரை எண்ணி அச்சோதனையும் கைவிடப்படவில்லை. குற்றமற்றது என்று தெளிந்த பின்னரே பை மற்றக் குளிரூட்டிக்கு மாற்றப்படுகின்றது.

இனி, இரத்த வகை. 1667 இல் பாரிஸ் நகரில் டெனி என்னும் வைத்தியர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். 1818 இல் இலண்டனில் புளன்டெல் என்பவர் மனித இரத்தத்தையே மனிதனுக்கு ஏற்றினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1901 இல் வியன்னா நகரில் காள் லான்ட்ஸ்ரைனர், மனித இரத்தம் எல்லாம் ஒரு வகையன்று என்று காட்டிய பின்னரே காரணம் விளங்கிற்று. அக்கண்டுபிடிப்புக்காக 1930 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலக இரத்ததான தினமாகக் கொண்டாடப்படும் யூன் 14 அவர் பிறந்த நாளே.

அப்பெரிய கண்டுபிடிப்பு இன்று ஒரு மேசைமேல் இரண்டு சிறு போத்தல்களாக நிற்கின்றது. ஒன்றில் நீலத் திரவம், மற்றதில் மஞ்சள் திரவம். நீலத்தோடு கலந்த இரத்தம் தயிர் திரைந்தாற்போலத் திரண்டால் ஏ வகை. மஞ்சளோடு திரண்டால் பி வகை. இரண்டோடும் திரண்டால் ஏபி. இரண்டோடும் திரளாவிடின் ஓ. றீசஸ் என்னும் மற்றொரு பிரிவுக்கும் இவ்வாறே சோதனை உண்டு. இவற்றோடும் அமையாது, நோயாளியின் இரத்தத்தைக் கொடையாளரின் இரத்தத்தோடு குழாயிற் சேர்த்து, ஒன்றையொன்று பகைக்கின்றனவா என்று நேராகவும் பார்க்கின்றனர். 1952 இல் பம்பாயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அரிய வகை ஒன்றும் உண்டு. பார்வைக்கு ஓ வகைபோலத் தோன்றினும், அவ்வகையினர்க்கு ஓ இரத்தமும் பொருந்தாது. இத்தகையோரைக் காட்டிக்கொடுப்பது இவ்விறுதிச் சோதனையே. “இரண்டு இரத்தங்களையும் வெளியிற் சந்திக்கவிட்டுப் பார்க்கிறோம், சண்டை பிடிப்பதாயிருந்தால் குழாயிற்குள் பிடிக்கட்டும், ஆளுக்குள் வேண்டாம்” என்று ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் விளக்கினார்.

நாம் அங்கு நின்றபோதே நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். தூரத்து ஊரொன்றின் வைத்தியசாலையிலிருந்து, நோயாளியின் இரத்தம் அடங்கிய சிறு குழாயும் வேண்டுகைப் படிவமும் வந்தன. அவற்றோடு நோயாளியின் தந்தையாரும் வந்திருந்தார். அறுபது வயது மதிக்கத்தக்கவர். வேட்டி உடுத்துத் தோளிற் சால்வை இட்டிருந்தார். மகளுக்கு மறுநாள் சத்திரசிகிச்சை. தொழினுட்பவியலாளர் குழாயின் ஒட்டுத்தாளையும் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டிலும் பெயர் ஒன்றே. ஆனால் முதலெழுத்து மாறியிருந்தது. அவர் குழாயை ஏற்க மறுத்துவிட்டார்.

“பஸ்ஸிலை ரெண்டு மணித்தியாலம் இருந்து வந்தனான். இரத்தம் உள்ளுக்கை கிடக்குது. ஒரு எழுத்துக்காக ஏன் தம்பி அலைக்கழிக்கிறியள்?” என்றார் பெரியவர். குரல் தழுதழுத்தது.

“கோவியாதேங்கோ ஐயா. அந்த ஒரு எழுத்து இன்னொரு ஆளாயும் இருக்கலாம். நான் இப்பவே அங்கை போன் பண்ணிறன். புதுசா இரத்தம் எடுத்து எழுதி அனுப்பட்டும். எந்த நேரம் வந்தாலும் இஞ்சை ஆள் இருக்கும்” என்றார் மற்றவர். தொலைபேசியில் அவர் பேசி முடிக்கும்வரை பெரியவர் நின்றார். பின்னர் சால்வையை உதறித் தோளிலிட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். அவர் போனபின் எம் மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அவ்விளைஞர் மறுத்தது சரியா என்று எமக்கும் ஒரு கணம் ஐயம் தோன்றியது உண்மை. அதனை உணர்ந்தவர்போல வைத்தியர் விளக்கம் தந்தார். பொருந்தாத இரத்தம் ஏறினால், நோயாளியின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் வந்த செங்குழியங்களைத் தாக்கி உடைக்கின்றன. நடுக்கமும், காய்ச்சலும், முதுகு நோவும் தோன்றும்; சிறுநீரகம் செயலிழக்கும்; உயிரும் போகலாம். இத்தகைய விபத்துக்கள் நேர்வது இரத்தத்தைச் சோதிக்கத் தெரியாமையால் அன்று. ஒருவருடைய குழாயில் மற்றொருவருடைய பெயர் எழுதப்படுவதாலும், ஒருவருக்குரிய பை மற்றொருவருடைய கட்டிலுக்குப் போவதாலுமே பெரும்பாலும் நேர்கின்றன. இஃது உலகெங்கும் மருத்துவர் அறிந்த உண்மை. ஆதலால், குழாயில் இரத்தம் எடுத்தவரே, எடுத்த அக்கணமே, நோயாளியின் அருகில் நின்றே பெயரை எழுதவேண்டும் என்பது விதி. முன்கூட்டி எழுதி வைத்தலும் கூடாது. பிறகு எழுதுவோம் என்று சட்டைப்பையில் இடுதலும் கூடாது. ஐயம் நேர்ந்தால், பெயரைத் திருத்திக்கொள்வது வழியன்று. புதிதாக எடுப்பதே வழி.

எம்மவர் பெயரிடும் முறையைச் சற்றே நினைத்துப் பார்த்தால் இவ்விதியின் அருமை நன்கு விளங்கும். மேல்நாட்டாரைப் போல எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே எம்மைப் பிறரிலிருந்து பிரித்துக் காட்டுகின்றது. கந்தையாவுக்கும் கணபதிப்பிள்ளைக்கும் கனகசபைக்கும் எழுத்து ஒன்றே. தமிழில் எழுதினால் ஓரெழுத்து, ஆங்கிலத்தில் எழுதினால் வேறோரெழுத்து. விடுதியொன்றின் வாயிலில் நின்று சிவலிங்கம் என்று உரத்து அழைத்தால் இருவர் எழுந்திருப்பர். மகேஸ்வரி என்றால் மூவர் திரும்பிப் பார்ப்பர். இது போதாதென்று, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் வைத்திருக்கின்றோம். அவசரத்தில் ஓடிவரும் உறவினர் வாயில் வருவது வீட்டுப் பெயரே. எமக்கு அன்பு தந்த பெயர் அது. ஆனால் இரத்த வங்கியின் பதிவேட்டில் அப்பெயரால் ஒருவருமில்லை.

பின்னொரு நாள், உறவினரான மூதாட்டி ஒருவரைப் பார்க்க அதே வைத்தியசாலையின் விடுதிக்குப் போயிருந்தோம். அவருக்கு இரத்தம் ஏற்றுவதற்கு ஆயத்தம் நடந்தது. தாதியர் இருவர் பையுடன் வந்தனர். ஒருவர் பையின் இலக்கத்தையும், வகையையும், முடிவுத் திகதியையும் உரத்து வாசிக்க, மற்றவர் தாளைப் பார்த்துச் சரியென்று சொன்னார். பின்னர் மூத்தவர் குனிந்து, “அம்மா, உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ. தகப்பன்ர பேரையும் சொல்லுங்கோ” என்றார். ‘நீங்கள் இன்னார்தானே’ என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தோம். மயக்கத்தில் இருப்பவரும், காது மந்தமானவரும் அக்கேள்விக்கு ஓம் என்றே தலையாட்டுவர் என்பதனால், பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்லுவிப்பது முறையாம்.

இரத்தத்துக்குக் குழாய் எடுத்தபோதும் பெயர் கேட்டிருந்தார்கள்; காலையிலும் கேட்டிருந்தார்கள். மூதாட்டிக்குச் சற்றுச் சினம். “எத்தினை தரம் கேப்பியள் பிள்ளை? என்ரை பேர் மாறிப்போடும் எண்டு பயப்பிடுறியளோ?”

“இல்லை அம்மா. நாங்கள் மாறிப்போடுவம் எண்டுதான் பயம்” என்றார் அந்தத் தாதி.

மூதாட்டி சிரித்துவிட்டுத் தமது முழுப்பெயரையும், தந்தையார் பெயரையும், கேளாமலே ஊர்ப்பெயரையும் சொன்னார். துளிகள் இறங்கத் தொடங்கின. முதற் கால்மணி நேரமும் ஒரு தாதி அருகிலேயே நின்று நாடியையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரூட்டியிலிருந்து எடுத்த பை 4 மணித்தியாலத்துக்குள் ஏறி முடியவேண்டும் என்பதும் அன்று அறிந்தோம்.

கொடுத்தவர் பெயர் வாயிலிலேயே இலக்கமாகிவிடுகின்றது. பெறுகிறவர் பெயரோ கட்டில் வரையும் கேட்டுக் கேட்டு உறுதி செய்யப்படுகின்றது. இரத்த வங்கியின் நடைமுறைகள் யாவும் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகின்றன. கொடை பெயரின்றிப் போகவேண்டும். அப்போதுதான் பெறுகிறவர் எவருக்கும் கடன்பட்டவர் ஆகார். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய ஆள் பெயரோடு இருக்கவேண்டும். அப்போதுதான் கொடை நஞ்சாகாது. “நான் கொடுத்தது யாருக்குப் போனதென்று எனக்குச் சொல்வீர்களா?” என்று எமது மாணவர் ஒருவர் கேட்டதற்கு, “சொல்லமாட்டோம்” என்றே விடை வந்தது. பெற்றவர்க்கு ஏதேனும் தீங்கு தோன்றினால், இலக்கத்தைப் பற்றிக்கொண்டு படிவம்வரை திரும்பிச் செல்ல வழியுண்டு. அது காவலுக்காக உள்ள வழி. நன்றி சொல்வதற்காக உள்ளதன்று.

இந்தத் தண்ணீர்ப்பந்தலிற் குடம் ஒருநாளும் நிரம்பி நிற்பதில்லை. மகப்பேற்றின்போது இரத்தப்பெருக்குற்ற தாய், வீதி விபத்தில் அடிபட்டவர், வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ளவேண்டிய தலசீமியாப் பிள்ளை, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் என்று நாடோறும் கேட்போர் வருகின்றனர். மாரிமழையோடு டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களிற் குருதிச் சிறுதட்டுக்களின் தேவை கூடுகின்றது. மழையென்று கொடையாளர் வீட்டில் இருந்துவிடுவதும் அதே மாதங்களில்தான். ஐந்து நாள் ஆயுளுள்ள பொருளைக் கோடையிற் சேர்த்து மாரிக்கு வைக்க இயலாது. நாட்டிற் சேரும் இரத்தத்தின் பெரும்பகுதி பாடசாலை, கோயில், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றில் நடக்கும் முகாம்களிலிருந்தே வருகின்றது. இறந்தவரின் நினைவு நாளில் அன்னதானத்தோடு இரத்ததான முகாம் நடத்தும் வழக்கமும் எம்மிடையே வேரூன்றியுள்ளது. அதிலும் ஒரு சிறு யோசனை: ஒரே நாளில் ஊர் திரண்டு கொடுப்பதிலும், ஆண்டு முழுவதும் பகிர்ந்து கொடுப்பதே வங்கிக்கு உதவி.

எம்முடன் வந்த எண்மரில் 18 வயது நிறைந்தவர் இருவர். வீட்டிற் சொல்லிவிட்டு வருவதாக அவர்கள் வைத்தியரிடம் கூறி வந்தனர். அவர்களுடைய அன்னையர்க்கு நாம் சொல்லக்கூடியது, அத்தராசு 450 மில்லிலீற்றரில் நின்றுவிடும் என்பதே.

வாசகர் அனைவர்க்கும் சொல்லவேண்டியது வேறொன்று உண்டு. எவரேனும் ஒரு நாள் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்க நேரலாம். கிடப்பவருக்கு அருகில் நிற்க நேரலாம். தாதி மூன்றாம் முறையாக வந்து பெயர் கேட்டாற் சினவாதீர்கள். வீட்டுப் பெயரைச் சொல்லாதீர்கள், முதலெழுத்தோடு நிறுத்தாதீர்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரை முழுவதுமாக, தந்தையார் பெயரோடு, அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். பெயர் தெரியாத ஒருவர் உங்களுக்காகத் தந்துவிட்டுப் போனது, வேறு எவருக்கும் போகாமல் உங்களிடமே வந்து சேர்வது அந்த விடையினாலேதான்.